பாதியில் கரண்ட் போனாலும் எழுந்து நிற்கும் லினக்ஸ்

என் சித்தப்பா சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பில் புக் என்று கையில் எப்போதும் நாலு வேலை இருக்கும். கடைக் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, அப்டேட் ஓடிட்டு இருந்துச்சு, நடுவுல கரண்ட் போயிருச்சுப்பா. இப்ப ஆன் பண்ணுனா கறுப்பா இங்கிலீசுல என்னென்னமோ வந்து நிக்குது."

"கடைசி வரிய மட்டும் படிங்க சித்தப்பா."

அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார், நான் கட்டளையைச் சொன்னேன். தமிழில் மின்னலாக அடிக்கும் விரல்கள் அந்தச் சாய்கோட்டுக்கும் இடைக்கோட்டுக்கும் தடுமாறின. இரவு 11 மணி ஆகியும் கணினி எழவில்லை. யூபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் கொடுக்க வேண்டிய பத்திரிகையின் கோப்பு நல்லவேளையாகப் பென் டிரைவிலும் இருந்தது. பக்கத்துத் தெருக் கடைக்குப் போய் அச்சடித்து வந்து கொடுத்தார்.

அந்த இரவுக்குப் பிறகுதான் 'இம்யூட்டபிள்' என்ற வகையைச் சேர்ந்த லினக்ஸ் வழங்கல்களை (நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் வகைகளை) நான் அக்கறையோடு படிக்க ஆரம்பித்தேன். தமிழில் மாறா இயங்குதளம் என்று சொல்லலாம். இப்போது என் மடிக்கணினியிலும் சித்தப்பா கடையிலும் அதுதான் ஓடுகிறது. அன்றாட வேலைக்கு அது தாங்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாங்கும். ஆனால் மென்பொருளை எங்கே வைப்பது என்ற நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இறங்குகிறவர்கள்தான் ஒரே வாரத்தில் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில், அன்று கடையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். உபுண்டு, டெபியன், வழக்கமான ஃபெடோரா எல்லாவற்றிலும் மென்பொருள் பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேலாளர் ஒன்று இருக்கிறது. புதுப்பிப்பு வரும்போது அது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கோப்புகளையே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. சில நூறு பேக்கேஜ்கள், பல்லாயிரம் கோப்புகள். பாதியில் மின்சாரம் நின்றால், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நூலகக் கோப்பு புதியதாகவும், அதை நம்பியிருக்கும் நிரல் பழையதாகவும் நிற்கும். அது பழைய கணினியும் இல்லை, புதிய கணினியும் இல்லை. அப்படி ஒரு கலவையை உலகத்தில் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மின்வெட்டு இல்லாமலும் இது நடக்கும். 2021 நவம்பரில், யூடியூபில் பெயர்பெற்ற லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அந்த நேரத்தில் எந்தப் பேக்கேஜுக்கு எது தேவை என்ற சார்புக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. இதை நிறுவ வேண்டுமானால் திரைச்சூழல் (சாளரம், மெனு எல்லாம் காட்டும் பகுதி) முழுவதையும் நீக்க வேண்டும் என்று கணினி எச்சரித்தது. உறுதிசெய்ய ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். கணினி கறுப்புத் திரையோடு நின்றது. எச்சரிக்கையைப் படிக்காதது அவர் தவறு என்று அப்போது பலர் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. ஒரு விளையாட்டை நிறுவும் வேலை, கணினியின் அஸ்திவாரத்தைத் தொடும்படி ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கைபேசியில் இந்தப் பிரச்சினை நமக்கு வருவதே இல்லை. ஒரு செயலியை நிறுவியதால் ஆண்ட்ராய்டே எழாமல் போனது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே இயங்குதளம் ஒரு பக்கம், செயலிகள் இன்னொரு பக்கம். 2011-இல் விற்பனைக்கு வந்த குரோம்புக்குகளில் இயங்குதளத்துக்கு வட்டில் இரண்டு பகிர்வுகள் (தனித்தனிப் பகுதிகள்) இருந்தன. ஒன்றில் கணினி ஓடும்போது, மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படும். அடுத்த முறை அதிலிருந்து எழும். எழாவிட்டால் பழையதற்கே திரும்பும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 இதே முறையை எடுத்துக்கொண்டது. 2019-இல் மேக் ஓஎஸ் கேட்டலினா தன் கணினிப் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டியது. சர்வர் உலகில் 2013-இலேயே கோர்ஓஎஸ் என்ற லினக்ஸ் இந்த வழியில் போய்விட்டது. மேசைக்கணினி லினக்ஸ்தான் இதில் பின்தங்கி நின்றது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவற்றில் எனக்கு நன்றாகப் பழக்கமானது ஃபெடோரா சில்வர்ப்ளூ. அட்டாமிக் வொர்க்ஸ்டேஷன் என்ற பெயரில் சோதனையாக இருந்தது, 2018-இல் இந்தப் பெயரைப் பெற்று, அந்த ஆண்டு அக்டோபரில் ஃபெடோரா 29-உடன் வெளிவந்தது. கேடிஇ திரைச்சூழலோடு கினோயிட் என்ற தம்பி 2021-இல் வந்தது.

இதன் இதயம் ஓஎஸ்ட்ரீ என்ற கருவி. காலின் வால்டர்ஸ் என்பவர் எழுதத் தொடங்கியது. நிரலாளர்கள் கிட் என்ற கருவியில் நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைப்பதுபோல, ஓஎஸ்ட்ரீ இயங்குதளம் முழுவதையும் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கைரேகை கணக்கிடப்படும். இரண்டு பதிப்புகளில் ஒரே கோப்பு இருந்தால் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும், இரண்டு பதிப்பும் அதையே சுட்டும். அதனால் இரண்டு இயங்குதளங்களை வைத்திருந்தாலும் இரண்டு மடங்கு இடம் போவதில்லை.

புதுப்பிப்பு வரும்போது, மாறிய கோப்புகள் மட்டும் இறங்குகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அவை தொடுவதில்லை. தனியாக ஓர் இடத்தில் புதிய பதிப்பின் கோப்பு மரம் முழுவதும் கட்டி முடிக்கப்படுகிறது. எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நொடியில், அடுத்த முறை எதிலிருந்து எழ வேண்டும் என்ற ஒரே ஒரு குறிப்பு மாற்றப்படுகிறது. அந்த நொடிக்கு முன்னால் எப்போது கரண்ட் போனாலும் பழைய கணினி அப்படியே எழும். அதற்குப் பின்னால் போனால் புதிய கணினி முழுமையாக எழும். இரண்டும் கலந்த நிலை ஒன்று கிடையாது.

கணினியை ஆன் செய்யும்போது வரும் பூட் மெனுவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் வரியில் இன்றைய பதிப்பின் எண்ணும் தேதியும், கடைசியில் ஓஎஸ்ட்ரீ:0 என்றும் இருக்கும். அதற்குக் கீழே முந்தைய பதிப்பு, ஓஎஸ்ட்ரீ:1. புதியதில் வைஃபை வேலை செய்யவில்லை, திரை மினுக்குகிறது என்றால், மறுபடி ஆன் செய்து அம்புக்குறியை ஒரு முறை கீழே தட்டி என்டர் அடித்தால் போதும். நேற்றைய கணினி வந்துவிடும். சித்தப்பாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த முழுப் பாடமும் இவ்வளவுதான்.

இங்கே அந்த 'மாறா' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது பலரைப் பயமுறுத்துகிறது. எதையும் மாற்ற முடியாத பெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பூட்டப்பட்டிருப்பது யூஎஸ்ஆர் என்ற அடைவும் (ஃபோல்டரும்) அதைச் சார்ந்தவையும்தான். இயங்குதளத்தின் நிரல்களும் நூலகங்களும் அங்கே இருக்கின்றன. அமைவுக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் தாராளமாக எழுதலாம். நீங்கள் அங்கே செய்த மாற்றங்களைப் புதிய பதிப்பின் அமைவுகளோடு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதுவே இணைத்துத் தரும். உங்கள் கோப்புகள், தரவுத்தளங்கள், பதிவுகள் எல்லாம் வார் என்ற அடைவின் கீழ் இருக்கின்றன. அங்கேயும் தடை இல்லை. பூட்டிய பகுதிக்குள்ளும் ஒரு பேக்கேஜைச் சேர்க்க வழி உண்டு. அதுவும் புதிய மரமாகக் கட்டப்பட்டு, மறுதொடக்கத்துக்குப் பின் வரும், அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, 2024-இல் ஃபெடோரா குழு இந்த வரிசை முழுவதற்கும் அட்டாமிக் டெஸ்க்டாப்ஸ் என்று பொதுப்பெயர் வைத்தது. பிளவுபடாத, முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத புதுப்பிப்பு என்ற பொருள் அதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

இதே இடத்துக்கு வேறு வழிகளில் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஓப்பன்சூசேயின் ஏயான், பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட்களை (ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைத்த பிரதிகளை) பயன்படுத்துகிறது. வெனிலா ஓஎஸ் குரோம்புக்கைப் போல இரண்டு பகிர்வுகளை மாற்றி மாற்றி எழுதுகிறது. வால்வு நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்கத் தொடங்கிய ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியில் ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, பூட்டப்பட்ட ஒரு லினக்ஸ். மாறா லினக்ஸ் என்ற பேச்சையே கேள்விப்படாதவர்கள் கையில் அதைக் கொண்டுசேர்த்தது அதுதான். நிக்ஸ்ஓஎஸ் தனி ரகம். எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த சிந்தனை அது. கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அதன்படி கட்டித் தரும். அழகான யோசனை. ஆனால் அதற்கென்று ஒரு மொழியையே கற்க வேண்டும். கடை நடத்துகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, தினசரி வேலைக்கு வருவோம். சில்வர்ப்ளூவில் மென்பொருள் வைக்க மூன்று இடங்கள் உண்டு, அவற்றை இந்த வரிசையில்தான் நாட வேண்டும்.

முதல் இடம் பிளாட்பேக், செயலிகளை இயங்குதளத்திலிருந்து தனியாக நிறுவும் முறை. அலெக்சாண்டர் லார்சன் எக்ஸ்டிஜி-ஆப் என்ற பெயரில் தொடங்கியது, 2016-இல் பெயர் மாறியது. லிப்ரே ஆஃபீஸ், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப், விஎல்சி என்று அன்றாடம் வேண்டியவை எல்லாம் பிளாட்ஹப் தளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டிய நூலகங்களோடு ஓர் அரணுக்குள் ஓடுகிறது. கணினியைத் தொடுவதில்லை. இதற்கு விலை இருக்கிறது. 'ரன்டைம்' என்ற பொது நூலகத் தொகுப்புகளையும் சேர்த்து இறக்க வேண்டும். முதல் இரண்டு செயலிகளுக்கே டேட்டா நிறையப் போகும். பிறகு வரும் செயலிகள் அதே ரன்டைமைப் பகிர்ந்துகொள்வதால் குறையும். கைபேசி ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பியிருப்பவர்கள் முதல் நிறுவலை வைஃபை உள்ள இடத்தில் செய்வது நல்லது.

இரண்டாவது இடம் டூல்பாக்ஸ் அல்லது டிஸ்ட்ரோபாக்ஸ். நிரல் எழுதுகிறவர்களுக்கு இதுதான் வீடு. ஒரு கன்டெய்னருக்குள், அதாவது கணினிக்குள் பிரித்துவைத்த ஒரு தனி அறைக்குள், முழு ஃபெடோராவோ உபுண்டுவோ கிடைக்கும். உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவு உள்ளேயும் தெரியும். அதற்குள் எந்தப் பேக்கேஜை வேண்டுமானாலும் போடலாம், உடைக்கலாம், கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கலாம். வெளியே இருக்கும் கணினிக்கு எதுவும் ஆகாது. முதல் மாதம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. கட்டளையை அடிப்பேன், இல்லை என்று வரும், பிறகுதான் கன்டெய்னருக்கு வெளியே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வரும். விஎஸ் கோடு எடிட்டரைப் பிளாட்பேக்காகப் போட்டால் சிக்கல் இன்னும் கூடும். அரணுக்குள் இருக்கும் எடிட்டருக்கு வெளியே இருக்கும் கம்பைலர் (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி) தெரியாது. எடிட்டரையும் கன்டெய்னருக்குள்ளேயே நிறுவிக்கொண்ட பிறகு எனக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவதுதான் இயங்குதளத்தின் மேல் பேக்கேஜை அடுக்குவது. ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ என்ற கருவி அதைச் செய்கிறது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் இங்கே வாருங்கள். அடுக்கியவை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிய மரத்தின் மேல் மறுபடி அடுக்கப்படும். அதில் ஒன்று ஃபெடோராவுக்கு வெளியே இருக்கும் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து வந்து, ஃபெடோராவின் புதிய நூலகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், புதுப்பிப்பே நின்றுவிடும். கணினிக்கு ஆபத்தில்லை, பழையது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் நாட்கள் போகும். வீடியோவை ஓட்ட வேண்டிய கோடெக்குகளுக்காக ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

சித்தப்பா கடையில் நான் அடுக்க வேண்டிவந்தது பிரிண்டருக்காக. ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய லேசர் பிரிண்டர் அது. தயாரித்த நிறுவனத்தின் நிறுவல் நிரல் தன் கோப்புகளை நேராக யூஎஸ்ஆர் அடைவில் கொட்டப் பார்த்தது. பூட்டியிருந்ததால் பிழை காட்டி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு போராடினேன். கடைசியில் அதே டிரைவரின் ஆர்பிஎம் (ஃபெடோராவின் பேக்கேஜ் வடிவம்) பேக்கேஜை எடுத்து அடுக்கி, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகுதான் முதல் தாள் வெளியே வந்தது. டிரைவரே தேவைப்படாத புதிய நெட்வொர்க் பிரிண்டராக இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மாறா லினக்ஸுக்கு மாற நினைப்பவர் தன் பிரிண்டர், ஸ்கேனர், அலுவலக விபிஎன் மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். என்விடியா கிராபிக்ஸ் அட்டை இருந்தால் நான்காவதாக அதையும். அதன் டிரைவரை அடுக்கி, செக்யூர் பூட் என்ற, நம்பகமான கையொப்பம் இல்லாத நிரலோடு கணினி எழுவதைத் தடுக்கும் பாதுகாப்புக்காகக் கையொப்பமிடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அப்படிப்பட்டவர்களுக்கு, டிரைவரை உள்ளேயே வைத்துக் கட்டிய புளூஃபின், பாஸைட் போன்ற யுனிவர்சல் புளூ திட்டத்தின் இமேஜ்கள் (முழுதாகக் கட்டிய இயங்குதளங்கள்) நல்ல தேர்வு.

தமிழ் சம்பந்தமாக நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொண்டேன், பிளாட்பேக் செயலிகளிலும் அப்படியே அடிக்க முடிந்தது. எழுத்துருதான் டிடிபி கடைக்கு உயிர். பாமினி உட்பட நூற்றுக்கணக்கான பழைய எழுத்துருக்கள் சித்தப்பாவிடம் உண்டு. அவற்றை யூஎஸ்ஆர் அடைவுக்குள் போட முடியாது, போடவும் தேவையில்லை. முகப்பு அடைவுக்குள் மறைந்திருக்கும் லோக்கல் அடைவில் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ். அங்கே நகலெடுத்து வைத்து, செயலியை மூடித் திறந்தால் போதும். அரணுக்குள் ஓடும் ஸ்கிரைபஸுக்கும் இங்க்ஸ்கேப்புக்கும் அந்த அடைவு தெரியும்படி பிளாட்பேக்கே ஏற்பாடு செய்கிறது. எத்தனை புதுப்பிப்பு வந்தாலும் எழுத்துருக்கள் அங்கேயே இருக்கும்.

திரும்பிப் போகும் வசதியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பதிப்புக்குப் போகும்போது பின்னோக்கிப் போவது இயங்குதளம் மட்டுமே. உங்கள் முகப்பு அடைவு இன்றைய நிலையிலேயே இருக்கும். இது பெரும்பாலும் நல்லது, ஏனென்றால் நேற்று அடித்த பத்திரிகை காணாமல் போகக்கூடாது. ஆனால் சில்வர்ப்ளூவில் ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தின் பகுதியாக வருகிறது. புதிய ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் புரொஃபைலைத் தன் வடிவத்துக்கு மாற்றிய பிறகு நீங்கள் பின்னோக்கிப் போனால், பழைய ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் புரொஃபைலைத் திறக்க மறுத்து, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. புக்மார்க் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துப் பதறுவார்கள். போகவில்லை. புதிய பதிப்புக்குத் திரும்பியதும் கிடைக்கும். பிரவுசரைப் பிளாட்பேக்காகப் போட்டுக்கொள்வது இதற்கு எளிய தீர்வு. பின்னோக்கிப் போகும் வசதி பேக்கப் ஆகாது என்பதையும் சித்தப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். வட்டு செத்தால் இரண்டு பதிப்பும் சேர்ந்தே சாகும்.

இன்னொரு எல்லை 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூன் நடுவில் வெளியான புதுப்பிப்புக்குப் பிறகு, ஃபெடோரா 40-க்கு முன்னால் நிறுவப்பட்டு, செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்த சில கணினிகள் எழவில்லை. காரணம், கணினியை எழுப்பும் பூட்லோடர் இந்த அட்டாமிக் ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தது. இயங்குதளம் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டது, பூட்லோடர் நிறுவிய நாளில் இருந்ததாகவே நின்றது. பழைய பூட்லோடர் புதிய கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, ஏற்கவில்லை. பயனர்கள் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, கையால் பூட்லோடரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்படி ஓர் ஓட்டையை இத்தனை வருடம் விட்டுவைத்தது பெரிய குறை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறையிலிருந்து வெளியே வர உதவியதும் அதே இரண்டாவது வரிதான். பூட்லோடரைத் தானாகப் புதுப்பிக்கும் பூட்-அப்-டி என்ற கருவி பிறகு சேர்க்கப்பட்டது.

யாருக்கு இது ஒத்துவரும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது வீட்டுப் பெரியவர்களின் கணினியையும் சின்னக் கடைகளின் கணினியையும்தான். பிரவுசர், ஆவணம், படம், அச்சு என்ற வட்டத்துக்குள் வேலை முடிகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான லினக்ஸ் எனக்குத் தெரியவில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கும் கன்டெய்னர் பழகிவிட்டால் நல்லது. பள்ளிக் கணினி அறைக்கு இது பிரமாதமாகப் பொருந்தும். பூட்சி என்ற புதிய கருவியால், வேண்டிய மென்பொருளோடு ஓர் இமேஜை ஒரே முறை கட்டி, அறையில் உள்ள 30 கணினிகளிலும் அச்சு அசலாக அதையே ஓட்டலாம். இடைப்பட்டவர்களுக்குத்தான் கஷ்டம். கர்னலைத் தானே தொகுப்பவர், விதவிதமான வன்பொருளைச் செருகிப் பார்ப்பவர், இணையத்தில் கிடைக்கும் நிறுவல் ஸ்கிரிப்ட்டை நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பழகியவர் வழக்கமான ஃபெடோராவிலோ டெபியனிலோ இருப்பதே நல்லது. அவர்களுடைய வேலையே இந்தப் பூட்டை நாள் முழுக்கத் திறந்துகொண்டிருப்பதாக ஆகிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபெடோராவின் புதிய பெரும் பதிப்பு வருகிறது. அதற்கு மாறும் முன் நான் ஒரு காரியம் செய்வேன். இப்போது ஒழுங்காக ஓடும் பதிப்பை ஒரு கட்டளையால் பின் குத்தி வைத்துவிடுவேன். சாதாரணமாக மூன்றாவது பதிப்பு வரும்போது முதலாவது தானாக நீங்கிவிடும். குத்தி வைத்தது நீங்காது. அளவோடு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றின் கர்னலும் பூட் பகிர்வில் இடம்பிடிக்கும். அது சின்னது, நாலைந்து குத்தினால் நிறைந்து புதுப்பிப்பே நின்றுவிடும்.

போன ஆடி மாதத்தில் ஒருநாள் சித்தப்பா கூப்பிட்டார். அப்டேட் ஓடும்போது மறுபடியும் கரண்ட் போயிருந்தது. யூபிஎஸ் இன்னும் மாற்றவில்லை. "ஆன் பண்ணுனேன், வந்துருச்சு" என்றார். அவர் கூப்பிட்டது அதற்காக இல்லை. பூட் மெனுவில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறதே, அது என்ன என்று கேட்கத்தான்.